பாராளுமன்றக் குழுவும் சாட்சிகளின் வரிசையும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

முன்னுரை

மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி ஒன்றைக் கட்டி வைத்தான் என்றும், கன்றை இழந்த பசு அதை அசைத்து நீதி கேட்டது என்றும் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். குறை உள்ளவர் யாராயினும் அரசனின் செவிக்கு எட்ட வழி இருக்க வேண்டும் என்பதே அக்கதையின் கருத்து. இன்று நமக்கு அரசன் இல்லை. சட்டம் இயற்றும் பாராளுமன்றம் இருக்கிறது. அங்கே அந்த மணி எங்கே தொங்குகிறது? இந்தக் கேள்வியை எங்கள் குடிமையியல் ஆசிரியை வகுப்பில் கேட்டார்கள். ஒருத்தியும் விடை சொல்லவில்லை. பிறகு நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான் பாராளுமன்றக் குழுக்கள் சாட்சிகளை அழைத்துக் கேட்கும் முறை எனக்குத் தெரிய வந்தது. நான் அறிந்துகொண்டதையும், எங்கள் வகுப்பில் நான் செய்த ஒரு பிழையையும் இங்கே எழுதுகிறேன்.

குழு என்றால் என்ன?

மக்களவையில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அத்தனை பேரும் அமர்ந்து ஒரு மசோதாவை வரி வரியாக ஆராய்வது இயலாத காரியம். ஆகவே சில உறுப்பினர்களைத் தேர்ந்து அவர்களிடம் அப்பணியை ஒப்படைக்கிறார்கள். துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 1993ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றன. முதலில் 17 ஆக இருந்தவை 2004இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், ஆக 31 பேர் இருப்பர். இவை தவிர, குறிப்பிட்ட ஒரு மசோதாவுக்கென்றே இரு அவைகளும் சேர்ந்து அமைக்கும் கூட்டுக்குழுவும் உண்டு.

அப்படி ஒரு கூட்டுக்குழு 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமைந்தது. அதன்முன் வந்தது குடியுரிமைத் திருத்த மசோதா. பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31ஆம் தேதிக்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர் என்னும் ஆறு பிரிவினரைச் சட்டவிரோதமாகக் குடியேறியவர்களாகக் கருதலாகாது என்பது அதன் சாரம். குழுவில் மக்களவை உறுப்பினர் 20 பேரும் மாநிலங்களவை உறுப்பினர் 10 பேரும் இருந்தனர். முதலில் சத்யபால் சிங் தலைவராக இருந்தார். அவர் 2017இல் அமைச்சரானபின் ராஜேந்திர அகர்வால் தலைமை ஏற்றார்.

நாள் குறிக்கும் முறை

நம் செவ்வாய்ப்பேட்டைக்குச் செவ்வாய்க்கிழமைச் சந்தையால் இப்பெயர் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இங்குள்ள வெல்ல மண்டியில் ஏலம் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு வரிசையின் அருமை தெரியும். யாருடைய சிப்பம் முதலில், யாருடையது அடுத்து என்ற ஒழுங்கு பிசகினால் சண்டை வந்துவிடும். குழுவின் வேலையும் வரிசை குறிப்பதில்தான் தொடங்குகிறது.

முதற்படி, மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சகத்திடமிருந்து பின்னணிக் குறிப்பு வாங்குவது. பிறகு அந்த அமைச்சகத்தின் அதிகாரிகளை அழைத்து, இந்தச் சட்டம் ஏன் வேண்டும் என்று விளக்கச் சொல்வது. குடியுரிமை மசோதாவுக்கு உள்துறை அமைச்சகமும் சட்ட அமைச்சகமும் வந்து விளக்கம் தந்தன.

இரண்டாம் படி, பொதுமக்களின் கருத்தைக் கேட்டு விளம்பரம் செய்வது. இன்ன நாளுக்குள் மனு வர வேண்டும் என்று கெடு வைக்கிறார்கள். ஆங்கிலத்திலோ இந்தியிலோ இரண்டு படிகள் அனுப்பும்படி கேட்பது வழக்கம். நேரில் வந்து பேச விரும்புவோர் அதை மனுவிலேயே தெரிவிக்க வேண்டும். குடியுரிமை மசோதாவுக்கு வந்து குவிந்த மனுக்கள் ஒன்பதாயிரத்துக்கு மேல்!

மூன்றாம் படிதான் கடினமானது. ஒன்பதாயிரம் பேரையும் நேரில் அழைக்க முடியுமா? யாரை அழைப்பது என்பதைக் குழு தீர்மானிக்கிறது. செயலகத்து அலுவலர்கள் மனுக்களைப் பிரித்துத் தலைவரின் வழிகாட்டுதலின்படி நாளும் நேரமும் குறிக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் இருந்தால்தான் குழு கூடலாம். அவை நடக்கும் நேரத்திலும் குழு கூடலாம். ஆனால் அவையில் வாக்கெடுப்பு மணி ஒலித்தால் தலைவர் கூட்டத்தை நிறுத்திவைத்து, உறுப்பினர்கள் போய் வாக்களிக்க இடம் தர வேண்டும். சாட்சி பாதிப் பேச்சில் காத்திருக்க நேரிடும்.

நான்காம் படி, கேட்க வேண்டியதை முன்கூட்டியே முடிவு செய்வது. எந்த முறையில் விசாரிப்பது, எத்தகைய கேள்விகள் கேட்பது என்று சாட்சி உள்ளே வருமுன் குழு தீர்மானிக்க வேண்டும். முதலில் தலைவர் கேட்பார். பின் ஒவ்வோர் உறுப்பினராகத் தலைவர் அழைக்க அவர்கள் கேட்பார்கள். இதுவரை கேட்கப்படாத ஏதேனும் முக்கியமான செய்தி இருந்தால் அதையும் சொல்லும்படி சாட்சியிடம் கேட்கலாம். இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. கேட்பவருக்கே தெரியாத கேள்வி ஒன்று இருக்கக்கூடும் என்ற பணிவு அதில் இருக்கிறதன்றோ?

சாட்சியின் ஒழுக்கம்

சாட்சிக்கும் விதிகள் உண்டு. அமரும்போதும் புறப்படும்போதும் தலைவருக்குத் தலைவணங்க வேண்டும். பிரமாணம் எடுக்கச் சொன்னால் எழுந்து நின்று எடுக்க வேண்டும். கேட்ட கேள்விக்கு மரியாதையான சொற்களால் நேராக விடை கூற வேண்டும். குழுவின் முன் அமர்ந்திருக்கும்போது புகைபிடிப்பதோ எதையும் மெல்லுவதோ கூடாது. (வகுப்பில் புளிப்பு மிட்டாய் மெல்லும் தோழியர் கவனிக்க!) விடை சொல்ல மறுப்பதும், மழுப்புவதும், ஆவணத்தை அழிப்பதும் அவையை அவமதித்த குற்றமாகும்.

சாட்சி சொல்வது வார்த்தைக்கு வார்த்தை பதிவாகிறது. ஆனால் குழுவின் கூட்டங்கள் தனிமையில் நடைபெறும். அறிக்கை அவையில் வைக்கப்படும்வரை அதில் பேசியதை வெளியிடலாகாது. மறைவாக ஏன் பேச வேண்டும் என்று நான் ஆசிரியையிடம் கேட்டேன். "கூட்டம் பார்க்கிறது என்றால் மனிதர்கள் கைதட்டலுக்காகப் பேசுவார்கள், கூட்டம் இல்லையென்றால் விஷயத்தைப் பேசுவார்கள்" என்றார்கள்.

ஊர் ஊராகச் சென்ற குழு

குழு பொதுவாகப் பாராளுமன்ற வளாகத்திலேயே கூடும். வெளியே கூட அவைத்தலைவரின் அனுமதி தேவை. குடியுரிமை மசோதாவுக்காக அமைந்த குழு ராஜஸ்தானுக்கும் குஜராத்துக்கும் சென்றது. 2018 மே மாதம் 7ஆம் தேதி அஸ்ஸாமின் கௌகாத்தியிலும், தொடர்ந்து சில்சாரிலும், மேகாலயத்தின் ஷில்லாங்கிலும் மக்களைச் சந்தித்தது. பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் மசோதாவுக்கு எதிர்ப்பு பலமாக ஒலித்தது. பராக் பள்ளத்தாக்கில் ஆதரவு பலமாக ஒலித்தது. ஒரே மாநிலத்தில் ஓர் ஊரில் அழுகை, அடுத்த ஊரில் நம்பிக்கை. டெல்லியிலேயே அமர்ந்திருந்தால் இந்த வேறுபாடு காகிதத்தில் மட்டுமே தெரிந்திருக்கும்.

சரியான சாட்சியிடம் சரியான கேள்வி கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கும் இக்குழுவிலேயே ஓர் உதாரணம் உண்டு. இச்சட்டத்தால் உடனே பயன்பெறுவோர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு உளவுத்துறை தந்த விடை 31,313 பேர். மதத்தின் பேரால் துன்புறுத்தப்பட்டதாகக் கூறி நீண்டகால விசா பெற்றிருந்தவர்கள் அவர்கள். அவர்களுள் இந்துக்கள் 25,447, சீக்கியர்கள் 5,807, கிறிஸ்தவர்கள் 55, பௌத்தர் 2, பார்சி 2. நாடு முழுவதும் கோடிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தபோது, குழுவின் அறையில் ஒரு திட்டமான எண் கிடைத்தது.

2016 குளிர்காலக் கூட்டத் தொடரிலேயே தரவேண்டிய அறிக்கை, பலமுறை காலநீட்டிப்புப் பெற்று 2019 ஜனவரி 7ஆம் தேதிதான் வந்தது. இசையாத உறுப்பினர்கள் தங்கள் மாறுபட்ட கருத்தை எழுதி இணைத்தனர். மறுநாளே மக்களவை மசோதாவை நிறைவேற்றியது. ஆனால் மாநிலங்களவையில் நிறைவேறாமல் அது காலாவதியாயிற்று. 2019 டிசம்பரில் புதிய மசோதா வந்தது. அதைத் தேர்வுக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற தீர்மானம் மாநிலங்களவையில் தோற்றது. டிசம்பர் 12ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதற்கான விதிகள் 2024 மார்ச் 11ஆம் தேதி வெளியாயின.

வெளிநாட்டார் வருகை பற்றிய நான்கு பழைய சட்டங்களுக்குப் பதிலாக, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் மசோதா 2025 மார்ச் 11ஆம் தேதி மக்களவையில் வந்தது. அது எந்தக் குழுவுக்கும் போகாமல் ஏப்ரல் 2ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறிவிட்டது. 2009 முதல் 2014 வரை இருந்த மக்களவைக் காலத்தில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன என்றும், 2019 முதல் 2024 வரை 16 மட்டுமே சென்றன என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். விரைவு சில வேளை அவசியமே. ஆனால் குழுவுக்குப் போகாத மசோதாவில் சாட்சிகளுக்கு நாளே குறிக்கப்படுவதில்லை.

நம் பக்கத்தில் இருப்பவர்கள்

இதெல்லாம் அஸ்ஸாமின் கதை, நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். நம் சேலம் ஜில்லாவிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஏழைகள் வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றார்கள். அவர்களுடைய சந்ததியாரில் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் சிறீமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் ஒப்பந்தம் செய்தனர். ஒன்பதே முக்கால் இலட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்றன.

பின்னர் 1983 கலவரத்துக்குப் பிறகு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கைத் தமிழர் தமிழ்நாட்டில் அடைக்கலம் புகுந்தனர். 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி முகாம்களில் சுமார் 58,800 பேரும் வெளியே சுமார் 34,000 பேரும் இருந்தனர். அவ்வாண்டில் அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி, 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று தமிழக அரசு அழைக்கத் தொடங்கியது. நம் சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் இத்தகைய முகாம்கள் இருக்கின்றன.

குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. ஆனால் 2015 ஜனவரி 9ஆம் தேதிக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. இது ஆறுதலே. எனினும் தண்டனை இல்லை என்பது வேறு, குடிமகள் என்பது வேறு.

எங்கள் வகுப்புக் குழு

குடிமையியல் பாடத்தை நடித்துப் படிக்க வேண்டும் என்று ஆசிரியை விரும்பியதால், இவ்வாண்டு எங்கள் வகுப்பில் ஒரு பாராளுமன்றக் குழு அமைத்தோம். அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு என்ன சட்டம் வேண்டும் என்பதே பொருள். ஒன்பது பேர் உறுப்பினர். ஆறு பேர் சாட்சிகள். நான் செயலாளர். ஆகவே வரிசை குறிக்கும் வேலை என்னுடையது.

ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று கணக்கிட்டேன். முதலில் உள்துறை அதிகாரி, அடுத்துச் சட்ட வல்லுநர், மாவட்ட ஆட்சியர், காவல்துறை அதிகாரி, தொண்டு நிறுவனத்தார் என்று பதவிப்படி எழுதினேன். கடைசியாக முகாமில் வாழும் பெண். அந்தப் பாத்திரத்தை ஏற்றவள், உண்மையிலேயே ஒரு முகாமிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் தோழி. தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். பெயர் போடாமல் எழுதலாம் என்று அவள் சொன்ன பிறகே இதை எழுதுகிறேன்.

உள்துறை அதிகாரியாக வந்தவள் பன்னிரண்டு நிமிடம் பேசினாள். சட்ட வல்லுநரும் விடவில்லை. நானும் அழகான பேச்சில் மயங்கி நேரம் பார்க்கவில்லை. தொண்டு நிறுவனத்தார் எழுந்தபோது நிமிடங்கள் தீர்ந்துவிட்டன. மணி அடித்தது. என் தோழி நான்காக மடித்து வைத்திருந்த காகிதத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த வகுப்புக்கு எழுந்து நின்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரும் அவளைப் பேசாதே என்று தடுக்கவில்லை. எல்லாம் விதிப்படியே நடந்தது. வரிசைதான் அவளைத் தடுத்தது. அந்த வரிசையை எழுதியவள் நான். மறுநாள் அருட்சகோதரியிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர்கள் கோபிக்கவில்லை. "மன்னிப்புக் கேட்பது ஒன்று, பிழையைத் திருத்துவது இன்னொன்று. இரண்டையும் செய்" என்று சொல்லி, இன்னொரு பாடவேளையைத் தந்தார்கள்.

இம்முறை அவளை முதலில் அழைத்தேன். அவள் அழவில்லை; கதையும் சொல்லவில்லை. ஒரு தேதியைச் சொன்னாள். இந்திய மண்ணில் 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1ஆம் தேதிக்குமுன் வரை பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள். அதற்குப்பின் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இவ்விதி இன்னும் கடுமையாயிற்று. ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. அவளுடைய தாயார் தமிழ்நாட்டு முகாமிலேயே பிறந்தவர். ஆனால் பிறந்தது 1987 ஜூலைக்குச் சில மாதங்கள் கழித்து. "சில மாதம் முன்னால் பிறந்திருந்தால் அம்மா இந்தியர். அம்மா அந்தப் பக்கம் போய்விட்டதால் நானும் அந்தப் பக்கம். நான் இலங்கையைப் பார்த்ததே இல்லை" என்று சொல்லித் தலைவணங்கி அமர்ந்தாள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

முந்தின நாள் நாற்பது நிமிடத்தில் ஐந்து பெரிய மனிதர்களுள் ஒருவரும் அந்தத் தேதியைச் சொல்லவில்லை. அவள் முதலில் பேசியதால் அன்று மற்ற சாட்சிகளிடம் கேட்ட கேள்விகளும் மாறிவிட்டன. உள்துறை அதிகாரியிடம் தலைவர் கேட்ட முதல் கேள்வியே, "முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு என்ன வழி?" என்பதுதான். அவள் கடைசியில் பேசியிருந்தால் அக்கேள்வியைக் கேட்க அங்கே அதிகாரியே இருந்திருக்க மாட்டார்.

முடிவுரை

குடியுரிமை யாருக்குத் தரலாம், தரக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லும் அறிவும் வயதும் எனக்கில்லை. கற்றறிந்த பெரியவர்களே இதில் வேறுபடுகிறார்கள். ஆனால் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். நீதி, தீர்ப்பு எழுதும் நாளில் மட்டும் தொடங்குவதில்லை. யாரை அழைப்பது, எப்போது அழைப்பது, எத்தனை நிமிடம் தருவது என்று ஒரு செயலாளர் தாளில் எழுதும்போதே தொடங்கிவிடுகிறது.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். மனு எழுதத் தெரிந்தவர்களே ஒன்பதாயிரம் மனுக்களை எழுதினார்கள். ஆங்கிலமும் இந்தியும் அறியாத முகாம் பாட்டி எப்படி அழுவாள்? எழுதப் படிக்கக் கற்ற நாம் அவளுக்காக ஒரு மனுவை எழுதிக் கொடுக்கலாம். ஒரு குழு கருத்துக் கேட்டு விளம்பரம் செய்யும்போது, எந்த இந்தியரும் தம் கருத்தை எழுதி அனுப்பலாம். கான்வென்டில் பெற்ற கல்விக்கு இதைவிட நல்ல பயன் ஏது? அந்நியரை ஏற்றுக்கொள்பவர் தம்மையே ஏற்றுக்கொள்கிறார் என்று நம் ஆண்டவர் மத்தேயு நற்செய்தியில் போதிக்கிறார். ஏற்றுக்கொள்வதின் முதற்படி, அவர்கள் சொல்வதைக் கேட்பதே.

தோழியரே, நாளை நம்மில் ஒருத்தி செயலகத்து அலுவலராகலாம். ஒருத்தி பாராளுமன்ற உறுப்பினராகலாம். ஒருத்தி வீட்டிலோ பள்ளியிலோ ஒரு சிறு கூட்டத்தை நடத்துபவளாக இருக்கலாம். பேசுவோர் வரிசையை எழுத நாம் பேனாவை எடுக்கும்போது, யாருடைய வாழ்வைப் பற்றிய பேச்சோ அவருடைய பெயரை முதலில் எழுதுவோம். மணி அடிக்குமுன் அவர் பேசி முடித்திருக்கட்டும்.